‘எந்த வயல்?’ என்று கேட்டவருக்கு ஒரு மடல்

நெற்பயிரின் நாடியறிந்த நல்லவரே! நுண்ணுயிரின் நரித்தனம் அறிந்த வல்லவரே! முப்பத்தோராண்டாக எங்கள் நெல் ஆராய்ச்சி நிலையத்து நோயியல் பிரிவை முறைப்பாலேயே முறைப்படுத்திய அம்மையீரே! வணக்கம்.

தங்கள் பணிநிறைவு விழாவில் வாசிக்க இம்மடலை எழுதும் என் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; மறைத்தால் பின்வரிசையிலிருந்து யாராவது கத்துவார்கள். இலைக்கருகல் நோயை எந்த நெல் தாங்கும் என்று பார்க்க, பாக்டீரியா கலந்த நீரில் கத்தரிக்கோலை முக்கி இலை நுனியை வெட்ட வேண்டும். நானோ பக்கத்திலிருந்த வெறுந்தண்ணீர்க் குடுவையில் முக்கி முக்கி, முந்நூற்று நாற்பது வரிசையையும் வெட்டி முடித்தேன். பதினான்காம் நாள் வயல் முழுக்கப் பச்சை. இயக்குநர் என் கையைக் குலுக்கினார். நானும் வெட்கமில்லாமல் குலுக்கினேன். தாங்கள் மட்டும் நேரே கடைசி வரிசைக்குப் போனீர்கள். நோய் பட்டதும் கருக வேண்டும் என்பதற்காகவே நாம் நட்டுவைக்கும் நோஞ்சான் ரகம், அங்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

“அழுமூஞ்சியே சிரிக்கிறான்னா, அழ வேண்டியது நாமதான். யாரு வெட்டினது?”

“நான்தான் மேடம்.”

“கை ரொம்ப சுத்தம். அடுத்த பருவத்துல கொஞ்சம் அழுக்காக்கிக்குங்க.”

அவ்வளவுதான். ஒரு பருவமே வீணாயிற்று. திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பெயர் ஒன்றானாலும் இந்நோய்க்கிருமியின் பிறவி பல என்று பிறர் புத்தகத்தில் படித்ததைத் தாங்கள் புழுதியிலும் சேற்றிலும் நடந்து அறிந்தீர்கள். வயல் வயலாய் இலை பறித்து, வகை வகையாய்ப் பிரித்து, நாற்பத்தொரு வகையை உறைபெட்டியில் பெயரெழுதிப் பாதுகாத்தீர்கள். “இந்த நெல் நோய் தாங்குமா?” என்று எவர் கேட்டாலும், “எந்த வயல் நோய்?” என்று திருப்பிக் கேட்பீர்கள். காய்ச்சலென்று தொலைபேசியில் சொன்ன தங்கள் வீட்டுக்காரரிடம் “என்ன கிருமி?” என்று கேட்டதை அவரே எங்களிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

பன்னிரண்டாண்டு பாடுபட்டு, மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஒரே நெல்லுக்குள் குடியேற்றி, ஓரகத்திச் சண்டை வராமல் ஒத்துவாழச் செய்தீர்கள். ஓய்வுபெறும் முன் பரிந்துரைப் படிவத்தில் தாங்கள் கையெழுத்திட்டால் அந்நெல் தங்கள் பெயரோடு வெளியாகும். இல்லையேல் கோப்புக்குள் போகும். நாற்பது வகைக்கும் அசையாத அந்நெல்லை, சென்ற ஆண்டு கால்வாய்க் கடைமடையில் கிடைத்த நாற்பத்தொன்றாவது வகை பாதி இலை வரை கருக்கிவிட்டது.

“ஒன்னே ஒன்னுதானே மேடம்? மிச்சத்தையெல்லாம் தாங்குதே!” என்றார் இயக்குநர்.

“அந்த ஒன்னு இன்னும் எங்கெங்க இருக்குன்னு தெரியலையே சார்.”

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். உள்ளுக்குள் நானும் அவர் கட்சிதான். முப்பத்தோராண்டு குனிந்த முதுகுக்கு ஒரு நெல்லாவது பெயர் சொல்ல வேண்டாமா?

தாங்கள் நோயற்ற உடலும் நெடிய ஆயுளும் பெற்று, எங்கே இலை நுனி மஞ்சளாகத் தெரிந்தாலும் குனியாமல் கடந்துபோகும் நிம்மதியும் பெற்று வாழ வேண்டும். கடைசியாகச் சொன்னது நடக்காது என்று தெரிந்தும் இவ்வாறு விழைந்து, பிரிவின் பணியாளர்கள் அனைவரும் கையொப்பமிடுகிறோம்.

கையொப்பங்களின் கீழே சிறிது இடமிருப்பதால் நான் மட்டும் இன்னொன்றைச் சொல்லிக்கொள்கிறேன். முந்தாநாள், இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவர் வாசகம் கேட்டு மூன்றாம் முறை ஆளனுப்பியிருந்தார். ‘புது நெல் தந்த பெருமாட்டியே’ என்று எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் தங்கள் அறைக்கு வந்தேன். படிவம் மேசைமேல் வெறுமையாகக் கிடந்தது.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. எந்த வயல்னும் திருப்பிக் கேக்காதீங்க. உங்க சொந்த நிலமா இருந்தா இதை விதைப்பீங்களா?”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

“விதைக்க மாட்டேன்.”