உப்பிட்ட ஐஸ்

“மூடமுன்னம் ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டனான் அண்ணை.”

ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் மோட்டார் வள்ளத்தில், எனக்கு முன்னால் இருந்தவர் சொன்னார். அவர் மடியில் சாக்கால் சுற்றிய பிஸ்கற் தகரம் இருந்தது. பக்கத்தில் இருந்த நரைத்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

“ஐஸுக்கோ உப்பு?”

“ஓம். நான் வேலை செய்யிற பங்களாவிலை வெள்ளைக்காரத் துரை தூண்டில் போடப் போகேக்கை மீன்பெட்டிக்குள்ளை வைக்கவெண்டு, மண்ணெண்ணெயிலை வேலை செய்யிற ஐஸ் பெட்டியிலை கட்டி கட்டியாய் உறைய வைக்கிறவர். குசினிக்காரன் ஒரு கட்டி ஒளிச்சுத் தந்தவன்.”

“உமக்கென்னத்துக்கு?”

“மனிசிக்கு ஏழு நாளாய்க் காய்ச்சல் இறங்கேல்லை. தலையிலை ஐஸ் வைக்கச் சொன்னவர் டொக்டர்.”

“அதுக்கேன் உப்பு?”

“ஊர் போய்ச் சேருமட்டும் கிடக்க வேணுமெல்லோ? நாங்கள் மீனைக் கெடாமல் வைக்கிறது உப்பாலைதானே?”

நரைத்தவர் குனிந்து தகரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“நான் கொழும்பிலை ஐஸ் விக்கிற கடையிலை நிண்டனான் தம்பி. உப்புப் பட்டால் ஐஸ் இன்னும் கெதியாய்க் கரைஞ்சுபோம்.”

வள்ளம் ஒரு அலையில் ஏறி விழுந்தது. தகரத்துக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“ஒருக்கால் திறந்து பாரும்.”

அவர் இரண்டு கைகளாலும் மூடியை அழுத்திப் பிடித்தார்.

“ஏலாது அண்ணை. திறந்தால் காத்துப் பட்டு உருகிப்போம்.”