தேங்காய் எண்ணெய் தடவிய பன்னிரண்டு தகடுகள்

என் பெயர் மங்கையர்க்கரசி. வயது முப்பத்தாறு. தகப்பனார் பெயர் சொக்கலிங்கம். போர்ட் பிளேர் ஷாதிபூரில் அமிர்தவல்லி அம்மாள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். தீவுகளுக்கு மருந்து கொண்டுபோகும் ஆளில்லா விமானத்தை வடிவமைக்கும் கம்பெனியில் பொறியாளராக இருக்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். இந்தி தெரியும் என்றாலும் இதைத் தமிழில் சொல்லத்தான் எனக்கு வாய் வரும் என்றதால், உதவி ஆய்வாளர் கௌதம் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார்.

இந்த ஆண்டு விமானத்தில் சேர்க்க மூன்று புதிய தொழில்நுட்பங்கள் பேச்சில் இருந்தன. எடை குறைந்த பேட்டரி, செயற்கைக்கோள் வழித் தொடர்பு, மின் இணைப்புகளை உப்புக்காற்றிலிருந்து காக்கும் புதுப் பூச்சு. இரண்டில்தான் பணம் போட முடியும். மூன்றையும் சோதித்து மதிப்பெண் போடுவது என் பொறுப்பு. சென்னையில் இருக்கும் மேலாளர் ஹரிஹரனுக்கு உப்புக்காற்று என்றால் மெரினாவில் சாயங்காலம் வீசுவதுதான். அதனால் பூச்சை இங்கேயே சோதிப்பேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

செம்பு இணைப்பு பொருத்திய பன்னிரண்டு தகடுகளை, ஆறில் பழைய பூச்சும் ஆறில் புதுப் பூச்சும் அடித்து, மே 20 முதல் தொண்ணூறு நாள் எங்கள் மொட்டை மாடியில் வெட்டவெளியில் வைத்தேன். அத்தனை மழையிலும் அவை அங்கே இருந்தன. அதன் பிறகு எடுத்துப் பார்த்ததில் இரண்டு வகையும் ஒன்றுபோலப் பளபளவென்று இருந்தன. புதுப் பூச்சுக்குப் பத்துக்கு இரண்டு போட்டேன். ஆகஸ்ட் 21 கூட்டத்தில் ஹரிஹரன், "அப்போ பழசே போதுமா?" என்று கேட்டார். "தாராளமா போதும் சார்" என்றேன். பேட்டரியும் செயற்கைக்கோள் தொடர்பும் தேர்வாயின. பழைய பூச்சோடு செய்த விமானம், சுவரில்லாத கடற்கரைக் கொட்டகையில் அன்று முதல் நின்றது.

அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை, மாடியில் துணி எடுக்கும்போது அமிர்தவல்லி அம்மாள் சொன்னார்: "உன் தகடுங்களையும் மூணு மாசமா நான்தானே பாத்துக்கிட்டேன் அரசி! நீ பாட்டுக்கு ஆபீஸ் போயிடுவ. பாரிஷ் வந்து நனைஞ்சா அதுங்க கதி? ஓடி வந்து உள்ள வெச்சு, வெயில் அடிச்சதும் திரும்ப வெப்பேன். துரு புடிக்கக் கூடாதுன்னு தேங்காண்ணெ வேற தடவினேன். எப்படி அச்சாவா இருந்துச்சு பாத்தியா!"

என் சோதனையே செல்லாது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த அம்மாள் மேல் கோபம் வந்தது. தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாதது நான்தான் என்று நினைத்தபோது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த ஊரில் மழை வந்தால் அடுத்த வீட்டுத் துணியைக்கூட உள்ளே எடுத்துப் போடுவார்கள். பிறந்ததிலிருந்து இங்கே இருக்கும் எனக்கு இது தெரியாதா?

அன்றே தகடுகளின் எண்ணெயைத் துடைத்து, தொட வேண்டாம் என்று அம்மாளிடம் சொல்லித் திரும்ப வெளியே வைத்தேன். கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. பேட்டரிக்கு ஆர்டர் போயாயிற்று, விமானம் பறக்கும் தேதி குறித்தாயிற்று, பிடிவாதம் பிடித்து நான் செய்த சோதனை தப்பு என்று எந்த முகத்தோடு சொல்வது என்று வெட்கமாக இருந்தது. பழைய பூச்சே ஒரு பருவம் தாங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள், அதாவது நேற்று, அக்டோபர் 14 காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது பழைய பூச்சு அடித்த ஆறு தகடுகளிலும் இணைப்பு ஓரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மற்ற ஆறும் அப்படியே இருந்தன. அதன் பிறகு குளித்து, ஆட்டோ பிடித்து, ஒன்பது மணிக்குள் விமானம் நிற்கும் ஃபீனிக்ஸ் பே கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். விமானத்தை இயக்கும் குணா சரிபார்ப்புத் தாளோடு நின்றிருந்தான். விமானத்தின் இணைப்புகள் மூடிக்குள் இருப்பதால் அவனால் பார்க்க முடியாது. "கனெக்‌ஷன் எல்லாம் டீக் தானே அக்கா, கோளாறு ஒண்ணும் இல்லையே? நீங்க சொன்னா டிக் போட்டுடுவேன்" என்றான். "போடு" என்றேன்.

அதன் பிறகு விமானம் ஏறி, நாலாவது நிமிடத்தில் இடது மோட்டார் நின்று, பக்கத்துப் படகுத்துறையில் ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த மிக்கேல் என்பவர் மேல் விழுந்தது. அவருடைய வலது தோள் எலும்பு முறிந்தது. வலை இழுக்கிற கை அது. இயக்கியவர் கவனக்குறைவு என்று குணாவை நேற்று மதியம் இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதைச் சொல்லும்போதும் அவன் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "சாப்டீங்களா அக்கா?" என்று கேட்டான்.

குணா மேல் எந்தத் தவறும் இல்லை. களிம்பு பூத்த ஆறு தகடுகளையும் பூக்காத ஆறையும் துணிப்பையில் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன்.

சொன்னதை எழுதி முடித்து உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். எல்லாம் நான் சொன்னபடியே உண்மையாக இருந்தது, ஓர் இடம் தவிர. "தெரியாமல் நடந்த தவறு" என்று அவராக எழுதியிருந்தார். "தெரியாமல்" என்பதை அடிக்கச் சொன்னேன். "உங்க நல்லதுக்குத்தான் மேடம் எழுதினேன்" என்றார். அடித்த இடத்தில் ஒரு கையெழுத்தும் கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) சொ. மங்கையர்க்கரசி
15.10.2025