ஒரு சாண் சாய்வு

— நான் கொடுத்தபோது இப்படி இல்லையே அண்ணே. படத்தோட சட்டமே சாஞ்சு நிக்குது. யாரு கை வெச்சது?

— நான்தாம்மா. இந்த ஆஸ்பத்திரிக்கு நான்தான் தச்சன். ஏன், இப்பதானே கோடு நேரா இருக்கு? ரசமட்டம் வெச்சுப் பாத்தாச்சு. குமிழி நட்ட நடுவுல நிக்குது.

— கோட்டை நேராக்கப் படத்தையே சாய்ச்சீங்களா?

— வேற என்ன பண்றது? பாக்க வர்றவங்க இந்த பெஞ்சுல உக்காந்து நாள் முழுக்க இதையேதான் பாக்கணும். 'சாம்பல் துணியில ஒரு மஞ்சக் கோடு, அதுவும் கோணல்'னு புகார் நோட்டை நிரப்பிட்டாங்க. மேனேஜர் கூப்பிட்டு, 'கோணலைச் சரிபண்ணு, இல்லேன்னா ஸ்டோர்ல போடு'ன்னாரு. ஸ்டோர்ல போட மனசு வரலை. நேத்து சாயங்காலம் ஒரு பக்கம் ஒரு சாண் எறக்கினேன். வேலை முடிஞ்சுது.

— அந்த ஒரு சாண் சாய்வுக்கு நான் மூணு மாசம் அல்லாடினேன்.

— அட, வரைஞ்சவங்களே நீங்கதானா? கோவிச்சுக்காதீங்க தாயி, ஒண்ணு கேக்கறேன். எதுக்குச் சாய்ச்சீங்க?

— நேராப் போட்டா செத்துக் கிடந்துது. சாய்ச்சதும் மூச்சு விட்டுது.

— கோடு மூச்சு விடுமா?

— எப்படிச் சொல்றதுன்னு தெரியலை அண்ணே. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. எங்க வீட்டுக்காரரே, 'ஒரு ஸ்கேல் வாங்கித் தரட்டுமா'ன்னாரு.

— அலமாரிக் கதவை இந்த அளவு சாய்ச்சா என்னை வாசப்படி ஏற விடமாட்டாங்க. உங்களுக்குக் கை தட்டறாங்க.

— யாரு தட்டினா? பதினெட்டு வருஷமா வரையறேன், ஒருத்தர் கண்ணுக்காவது நான் போட்டது சரியாப் பட்டிருக்கா? ஏணியைப் போடுங்க. எடுத்துட்டுப் போயிடறேன். இனிமே பிரஷ்ஷைத் தொடறதா இல்லை.

— மெதுவாம்மா. எதிர் ரூம்ல கழுத்து அடிபட்ட அம்மா ஒருத்தங்க படுத்திருக்காங்க. தலையை லேசா ஒரு பக்கம் சாய்ச்சாப்புல வெச்சுக் கட்டியிருக்கு. நாப்பது நாளைக்கு அசைக்கக் கூடாது. காத்துக்காகக் கதவைத் தொறந்தே வெச்சிருக்கு. பாவம், கண்ணுக்கு எதுக்க இந்தச் சுவரு ஒண்ணுதான்.

— அவங்களும் புகார் எழுதினாங்களா?

— பேனா பிடிக்கக் கை எங்க வருது? சரி, அந்த மூலையைப் பிடிங்க. பாத்து, கனம். அதோ, நர்ஸம்மா ஓடி வர்றாங்க.

— அண்ணே, நில்லுங்க. இந்தப் படத்தைச் சாய்ச்சது நீங்களா?

— நான்தான் சிஸ்டர். எறக்கிட்டுத்தான் இருக்கோம். உங்க நோயாளியும் புகாரா?

— எதிர் ரூம் அம்மா காலையிலேருந்து அழறாங்க. படுத்த நாள்லேருந்து அவங்களுக்குக் கதவு, ஜன்னல், நாங்க, எல்லாமே சாஞ்சுதான் தெரியுதாம். நேராத் தெரிஞ்சது அந்த மஞ்சக் கோடு ஒண்ணுதானாம். அதை யாரு கோணலாக்கினதுன்னு கேக்கறாங்க.