ஒரு பாட்டில் தண்ணி ஏத்த மாட்டாங்களாம்

...என்ன பெரிய ஆஸ்பத்திரி, நீங்களே சொல்லுங்க நிங்ரும் தங்கச்சி. உங்கப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில்தானே எங்க வீட்டுக்காரரு, பாத்துட்டுதானே இருக்கீங்க? பிரஷர் இறங்கிப் போச்சு, கை காலெல்லாம் சில்லுன்னு கெடக்கு. ஒரு பாட்டில் தண்ணி ஏத்த மனசு வரல இவங்களுக்கு. எங்க ஊரு கிளாட்டன் பக்கம் சளி புடிச்சாலே கம்பவுண்டர் வீடு தேடி வந்து ஏத்திட்டுப் போவாரு.

டாக்டரைக் கேட்டேன். சின்னப் பொண்ணு. "தண்ணி கொறைஞ்சு பிரஷர் இறங்கலம்மா, இருதயத்துக்கு அடிக்கத் தெம்பில்ல. மோட்டார் ஓடலன்னா தொட்டியில தண்ணி ஊத்தி என்ன பண்றது? நுரையீரல்லதான் தேங்கும்"ங்கறா. மோட்டாரைப் பத்தி எனக்கே சொல்றா. வயலுக்கு வயல் மோட்டார் ரிப்பேர் பண்றதே எங்க வீட்டுக்காரருதான். அதையும் சொன்னேன். "அப்ப அவருக்கு நல்லா புரியும்"னுட்டுப் போயிட்டா.

அடைச்ச ரத்தக் கொழாயத் தொறந்துட்டாங்களாம். இருதயத்தை அடிக்க வைக்க ஒரு மருந்து, சொட்டு சொட்டா எறங்குது. ஒன்னுக்குப் போக வேற ஊசி. ஏத்தவும் மாட்டாங்க, இருக்கறதையும் எடுப்பாங்க...

இதுல, "முதுகு ஏன் கோடு கோடா செவந்திருக்கு?"ன்னு அந்த டாக்டர் பொண்ணு கேள்வி. உடம்புல காத்து புடிச்சா, அது எறங்க முதுகுல காசு வெச்சு சுரண்டாம வேற என்ன பண்ணுவாங்க? ஜாவாக்காரிதானே அவளும், தெரியாதா? முந்தாநாள் காலையில நெஞ்சை அழுத்துதுன்னாரு, வேர்த்துக் கொட்டுச்சு. தைலம் தடவி நல்லா சுரண்டிவிட்டேன். ரத்தமா செவந்துச்சு. சரி, காத்து எறங்கிருச்சுன்னு படுக்க வெச்சேன். நல்லாத் தூங்குனாரு. சாயங்காலம் எழுப்புறேன், எந்திரிக்கல.

"அது தூக்கமில்லம்மா, மயக்கம்"ன்னா டாக்டர். காலையிலயே கூட்டிட்டு வந்திருந்தா இவ்வளவு கெட்டிருக்காதாம்.

அது கெடக்கட்டும். இப்ப தாகம் தாகம்ங்கறாரு. தண்ணிய அளந்துதான் குடுப்பாங்களாம். அதான்... மெதுவாப் பேசுங்க... இந்தப் பையில இளநி. கவர்ல கட்டி, உறிஞ்சுற குழாயும் போட்டிருக்கேன். உள்ள விடுற நேரத்துல மறைச்சு ரெண்டு வாய் குடுத்தா ஆச்சு. நேத்தும் குடுத்தேனே. நிம்மதியாக் குடிச்சாரு. அப்புறம் படுக்க முடியாம மூச்சு வாங்குச்சு, எல்லாரும் ஓடி வந்தாங்க... அது இவங்க மருந்தோட வேலையா இருக்கும்.

என்ன எந்திரிச்சிட்டீங்க? பைய ஏன் எடுக்கறீங்க?

நர்ஸ்கிட்டயா? நேத்து மூச்சு வாங்குனது இந்த இளநியாலயா?

சரி. எடுத்துட்டுப் போங்க. நேத்து குடுத்ததையும் சொல்லிருங்க. உதட்டை நக்கிக்கிட்டு என்னையே பாக்கறாரு தங்கச்சி. என் கையில இருந்தா நான் குடுத்துருவேன்.