“பத்தியில் எங்கே?” என்று கேட்ட டீச்சருக்கு

பதினெட்டு நாள்கள், நான்கு மணி நேரம்! அவ்வளவு காலம் இந்தப் பிரியாவிடை மடலின் கடைசி வரி மட்டும் எழுதப்படாமல் கிடந்தது, எங்கள் அன்பிற்கும் அச்சத்திற்கும் ஒருசேர உரிய ஹில்டா டீச்சர் அவர்களே!

ஈப்போவின் இந்தப் பயிற்சி மையத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் தர்க்கத் தேர்வுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தினீர்கள். ‘மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. இன்று பால்வெட்டு இல்லை. மழை பெய்ததா?’ என்பதே உங்கள் முதல் வகுப்பின் முதல் கேள்வி. தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள்தாம் முந்திக்கொண்டு ‘பெய்தது’ என்பார்கள். அன்று பொது விடுமுறையாக இருந்தால்? சரியான விடை, ‘சொல்ல இயலாது’. கொடுத்த பத்தியில் இல்லாததை ஊகித்துத் தவறியவர் தாளில் உங்கள் சிவப்பு மை கேட்கும்: பத்தியில் எங்கே? அந்த இரண்டு சொற்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அரசு வேலைக்கும் மேற்படிப்பு உபகாரச் சம்பளத்துக்கும் போனவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர்.

அதே பாடத்தை நடத்தும் நாங்கள்தாம் தவறினோம், டீச்சர்!

செவ்வாய்தோறும் அரை நாள் விடுப்பு எடுத்தீர்கள். உங்கள் காரில் மருத்துவமனை வாகன நிறுத்தச் சீட்டுகள் கிடந்தன. நான்கு மாதத்தில் பாதியாக மெலிந்தீர்கள். புத்தக அலமாரியை உடன் வேலை செய்யும் கலாதேவிக்குக் கொடுத்தீர்கள். இன்னும் இரண்டு ஆண்டு இருக்க, ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தீர்கள். தனியாக வாழும் உங்களைப் பற்றி விசாரிக்க வீட்டிலும் ஆளில்லை.

“டீச்சர் மறைக்கிறாங்க லா. பெரிய வியாதிதான்,” என்றார் எங்களில் மூத்தவரான விக்னேஸ்வரன்.

“வாய மூடுங்கண்ணே,” என்ற கலாதேவி, அலமாரியைத் துடைத்தபடியே அழுதார்.

மடல் எழுதும் வேலை எங்களில் இளையவரான பிரமிளாவிடம் வந்தது. பௌதிகப் பட்டதாரி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர். புகழுரையை ஒரே நாளில் முடித்தார். ‘நோயின்றி நெடுங்காலம்’ என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. பொய்யாக வாழ்த்தவும் மனமில்லை, வாழ்த்தாமல் விடவும் மனமில்லை. நேற்று மாலை தாளோடு உங்கள் மேசைக்கே வந்துவிட்டார்.

“டீச்சர், கடைசி வரி எழுத முடியல. உங்க உடம்புக்கு என்ன?”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. ஆஸ்பத்திரி சீட்டு... மெலிஞ்சிட்டீங்க... அலமாரிய வேற...”

பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தீர்கள். “பத்தியில எங்க, பிரமிளா?”

பிரமிளா தலை குனிந்தார். கண்ணீர் தாளில் விழுந்ததும் பேனாவைக் கீழே வைத்தீர்கள்.

“அழாதம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன். முட்டி ஆபரேஷன் லயனலுக்கு. தெராப்பிக்கு நான்தான் காருல கொண்டு போறேன். மெலிஞ்சது வேணும்னேதான், கவுன் ஏறல. அலமாரி தஞ்சோங் மாலிம்ல அவர் வீட்டுக்குள்ள நுழையாது.”

“லயனல் யாரு டீச்சர்?”

விடையை அவர் காதோடு சொன்னீர்கள். “நாளைக்கு மண்டபத்துல நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வெக்கமா இருக்கு லா.”

நிம்மதிப் பெருமூச்சோடு கடைசி வரியை எழுதினோம்: நோய் நெருங்காமல், மூட்டுவலி திரும்பாமல், நீங்கள் இருவரும் நெடுங்காலம் கைகோத்து நடக்க வேண்டும்!

இருவரா என்று திகைப்போருக்கு, உங்கள் அனுமதியோடு உரக்கப் படிக்கிறோம்: வரும் சனிக்கிழமை எங்கள் ஹில்டா டீச்சருக்குக் கல்யாணம்!

அவசரப்பட்டு அழுத,
பயிற்சி மைய ஆசிரியர்கள், ஊழியர்கள்
ஈப்போ