புருஷனும் ஹஸ்பண்டும்

ஒடென்சே என்ற டேனிஷ் நகரத்துப் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்த் தம்பதி இருந்தார்கள். மனைவியின் மடியில் புது மண்வெட்டி.

"நீங்கள் என்ர புருஷன்தான். ஆனால் இன்னும் ஹஸ்பண்ட் ஆகேல்லை" என்றார் அவர்.

"ரெண்டும் ஒண்டுதானேயப்பா."

"இல்லை. அந்தச் சொல் இந்தப் பக்கத்து ஆக்களிட்ட இருந்துதான் இங்கிலிஷுக்குப் போனதாம். ஹூஸ் எண்டால் வீடு, பொன்ட எண்டால் விவசாயம் செய்யிற கமக்காரன். உங்களிட்ட வீடு மட்டும்தான் இருக்கு."

"தோட்டமும் சங்கத்திட்ட வாடகைக்கு எடுத்திருக்கிறன்."

"அதில புல்லு இடுப்பளவு நிக்குது. நாளைக்குத் தோட்டச் சங்கத்து ஆக்கள் வந்து பாத்தால் காணியைப் பறிச்சுப் போடுவினம்."

"எனக்கு நாரி நோகுது" என்று இடுப்பைத் தடவினார் கணவர்.

"சரி. பக்கத்துத் தோட்டத்து டேனிஷ்காரர் கொத்தித் தாறன் எண்டவர். அவரையே கூப்பிடுறன்."

தோட்டத்து நிறுத்தத்தில் இறங்கும்போது மண்வெட்டி கணவரின் தோளில் இருந்தது.