சண்டையில் அணிந்த சிவப்பு ஜோடி

தோல் கையுறையை வெயிலில் காயப்போடக் கூடாது, சார். வெடித்துவிடும். சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எனக்குக் கைகால் சும்மா இருக்காது. சாப்பாட்டின் பாதியில் எழுந்து போய் என் கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட்டு வருவேன். குத்துச்சண்டை வீரர்களின் கையுறை, அங்கி, அரைக்கால்சட்டை என்று அதில் இருப்பதெல்லாம் நிஜச் சண்டையில் அணிந்தவை. பயிற்சியில் போட்டதை நான் சீண்டுவதில்லை.

என் மனைவியின் தம்பி ஒரு காலத்தில் பேர்போன வீரன். 'இடி' என்பார்கள். தலையில் வாங்கிய அடிகளால் நினைவு கலங்கி எங்களோடுதான் இருந்தான். டம்ளரைப் பிடித்தால் பாதித் தண்ணீர் சட்டையில் இருக்கும். இன்னொரு அடி பட்டால் உயிர் தங்காது என்று மருத்துவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

அவன் சண்டையில் போட்ட கையுறைகள் எப்போதோ கைமாறிப் போய்விட்டன. வீட்டில் மிஞ்சியது ஒரு சிவப்பு ஜோடி, மேடையே ஏறாதது.

"சண்டையில போட்டதுன்னு எழுதி வச்சிடுங்க. யாரு வந்து கேக்கப்போறா?" என்றார் சக சேகரிப்பாளர் ஒருவர்.

பொய் எழுத எனக்குக் கை வராது. ஆனால் அதன்பிறகு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. அலமாரியில் அவனுக்கென்று விட்டிருந்த காலி இடம் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது.

மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அவனைப் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். பழைய வீரருக்கு ஒரு மரியாதைப் போட்டி என்று அங்கிருந்த பயிற்சியாளரிடம் பேசி, அவரையே எதிரில் இறங்கச் சம்மதிக்க வைத்திருந்தேன். மருத்துவர் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. பின்னால் யாரும் சந்தேகப்படக் கூடாது என்று கேமராவை மூலையில் ஓடவிட்டேன்.

கையுறையின் கயிற்றை நான்தான் கட்டிவிட்டேன். அவன் கைநடுக்கம் நின்றுபோனது.

"மாமா, இன்னிக்கு யாரு கூட?"

"தெரிஞ்சவர்தான். பயப்படாத."

"அக்கா வந்திருக்காளா?"

"பின்னாடி உக்காந்திருக்கா."

காலி நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்தான்.

முதல் சுற்றில் நன்றாகவே ஆடினான். இரண்டாவதில் கையை இறக்கிவிட்டுப் பின்வரிசையில் யாரையோ தேடினான். அடி காதோரம் விழுந்தது.

"சார், இவருக்கு என்னமோ ஆகுது. நிறுத்திடலாம்" என்றார் பயிற்சியாளர்.

"மணி அடிக்கலையே" என்றேன். பாதியில் நிறுத்தினால் அதைச் சண்டை என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

அவர் அரைமனதாகத் தொடர்ந்தார். அடுத்த அடியில் இவன் விழுந்தான். பயிற்சியாளர் தண்ணீருக்கு ஓடினார். நான் கையுறைகளைப் பொறுமையாக அவிழ்த்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் கயிற்றைக் கத்தரியால் வெட்டிவிடுவார்கள். அவிழ்த்த பிறகுதான் போன் செய்தேன். வண்டி வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

ஆமாம், அவனைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று, சார். வழக்கு முடிந்ததும் அந்த ஜோடியை என் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். தம்பி ஞாபகமாக இருக்கட்டும். சந்தோஷப்படுவாள்.